இடது கைச் சோறு

காஜிமார் தெரு, மதுரை
14 மார்ச் 1945

அன்பு மகன் சிஹாபுதீனுக்கு, அத்தா பக்கீர் முகமது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீ சுகம் என்று எழுதிய கார்டு கிடைத்தது. உன் அம்மா அதை நம்பினாள். நான் நம்பவில்லை.

உன்னோடு பெங்களூர் பட்டாளத்து முகாமில் இருந்த கீழக்குயில்குடி மருது, கட்டைக்காலோடு ஊர் வந்தவன், நேற்று நம் தகரப்பெட்டிப் பட்டறைக்கு வந்தான். அங்கே நடக்கும் பரீட்சையைப் பற்றிச் சொன்னான். போரில் கை கால் இழந்தவர்கள் தங்கள் அன்றாடக் காரியங்களை எவ்வளவு தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று டாக்டர் பார்ப்பாராம். தேறினால்தான் தையல், தச்சு என்று தொழில் பழக எடுப்பார்களாம். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

சட்டைப் பித்தானைப் பல்லால் பிடித்துப் போட்டாயாம். மிஞ்சிய இடது கையால் மட்டும் கைலி கட்டியதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்களாம். இரண்டு கை இருந்தபோதே உனக்கு அது இடுப்பில் நிற்காதே! சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவன் சொன்னது வேறு. சோற்றுத் தட்டை வைத்ததும் நீ இடது கையை மடியில் வைத்துக்கொண்டாயாம். கரண்டி கொடுத்தும் தொடவில்லையாம். "அம்புட்டும் செஞ்சவரு சோத்துல மட்டும் கை வைக்க மாட்டேங்கிறாரு பாய். நாங்க ஊட்டினா ரெண்டு வாய் வாங்குவாரு" என்றான். தானாகச் சாப்பிட முடியாதவன் என்று டாக்டர் எழுதிவிட்டாராம். வருகிற திங்கட்கிழமை கடைசியாக ஒருமுறை பார்ப்பாராம்.

இடது கையால் நாம் சோறு தொடமாட்டோம் என்று அந்த வெள்ளைக்கார டாக்டருக்கு யார் சொன்னார்கள்? நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்.

உடனே பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஓடினேன். வலது கை இல்லாதவன் இடது கையால் சாப்பிடுவதில் குற்றமே இல்லை, பட்டினி கிடப்பதுதான் குற்றம் என்றார். இன்னொருமுறை கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

முனிச்சாலை அப்துல் அலீம் பர்மாவிலிருந்து கண்ணிழந்து வந்தானே, அவனைப் போய்ப் பார்த்தேன். தொழில் எதுவும் பழகாமல் நேரே வீட்டுக்கு வந்தவன். அறையைவிட்டு வெளியே வருவதில்லை. அவன் தாயார் ஊட்டுகிறார். என் குரல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

உன் அம்மாவிடம் மறைக்க நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிவிட்டாள். அழுவாள் என்றிருந்தேன், அழவில்லை. "எந்தக் கையில தின்னா என்ன, எம்புள்ள வயிறு நெறயணும்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மருது கிளம்பும்போது, ஏன் சாப்பிடவில்லை என்று நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாயாம். தினமும் அதையேதான் சொல்கிறாயாம். மகனே, டாக்டர் எழுதியதற்கு நான் பயப்படவில்லை. தொழில் இல்லாவிட்டால் போகட்டும், பட்டறையில் உனக்கு இடம் உண்டு. பசிக்கவில்லை என்று நீ சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமைவரை காத்திருக்காதே. இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி, ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிடு.

உனக்குப் பசியெடுக்க துஆ செய்யும்,
அத்தா