அம்பு எங்கள் பக்கம் காட்டியது

ஜனவரி 11, சனி

இன்றும் தோற்றோம். 61–44. ஆனால் நான் அம்பை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. மொத்தம் எட்டு முறை திருப்பினேன்.

இதை முழுதாக எழுதிவைக்கிறேன். பிறகு எப்போதாவது படித்தால் எனக்கே புரிய வேண்டும். கூடைப்பந்தில் இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றால், தொழில்முறை ஆட்டத்தில் நடுவர் பந்தை மேலே எறிவார். இரண்டு பேரும் குதிப்பார்கள். உயரமானவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். கல்லூரி ஆட்டத்தில் அப்படிக் குதிப்பதில்லை. எங்கள் மேசைமேல் சிவப்பு விளக்கு அம்பு ஒன்று இருக்கிறது. அது யார் பக்கம் காட்டுகிறதோ அவர்களுக்குப் பந்து. அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் பந்து களத்துக்குள் வந்ததும் அம்பைத் திருப்பிவிட வேண்டும். அடுத்த முறை மற்றவர்களுக்கு. ஊஞ்சலில் முறை போட்டு ஆடுவது மாதிரி. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

இந்த வருடம் எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண்கள் அணியின் ஆட்டங்களில் அந்த அம்பு என் பொறுப்பு. பக்கத்து நாற்காலியில் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர் பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். எனக்குப் பதினான்கு வயது, எனக்கும் ஒரு நாற்காலி.

வீட்டுக்கு வந்ததும் வெஸ் கேட்டான்: “என்ன, இன்னிக்கும் அடி வாங்கினாங்களா உங்க பொண்ணுங்க?”

“பதினேழுதான் வித்தியாசம்.”

“பதினேழு*தான்*. குட்டி, அது ஆட்டமே இல்ல. பண்ணையில கோழியைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு.”

என் அண்ணனுக்கு வயது பத்தொன்பது. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறான். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

ஜனவரி 12, ஞாயிறு

வெஸ் தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டம் பார்த்தான். நியாயமாக இருக்க வேண்டும் என்று நானும் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

அவர்கள் அற்புதமாக ஆடுகிறார்கள். அதை மறுக்க முடியாது. எங்கிருந்து எறிந்தாலும் தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல விழுகிறது. அரை மணி நேரம் பார்த்த பிறகு கவனித்தேன் — நான் யாருக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. இவன் தவறவிட்டால் என்ன ஆகும்? நாளை மறுநாள் இன்னொரு ஆட்டம். அதற்கு மறுநாள் இன்னொன்று.

எங்கள் அணியின் மேரன் ஃப்ரீ த்ரோ போட, யாரும் தடுக்காமல் கோட்டில் தனியாக நிற்கும்போது மட்டும் நான் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்? பத்துக்கு ஐந்துதான் போடுவாள். அந்த ஐந்தில் இது ஒன்றா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது.

இதை வெஸ்ஸிடம் சொன்னேன். “அப்போ மோசமா ஆடினா உனக்குப் பிடிக்கும். அவ்ளோதானே?” என்றான்.

இல்லை. அது இல்லை. ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 15, புதன்

பனி. பள்ளிப் பேருந்து ஐம்பது நிமிடம் தாமதம். 88 பக்கம் படித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மாலையில் நூலகம். மேரன்தான் மேசையில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு அங்கே வேலை. செவிலியர் படிப்பில் கடைசி வருடம். எனக்கென்று இரண்டு புத்தகம் எடுத்து மேசைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள்.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் வாய்க்குள் என்னவோ சொல்கிறாளே, ஜெபமா?

“எலும்பு,” என்றாள்.

“எலும்பா?”

“தோள்லேர்ந்து விரல் வரைக்கும் வரிசையா. காறை எலும்பு, தோள் எலும்பு, புய எலும்பு... கைக்கு வந்ததும் பந்தை எறிஞ்சிருவேன். முதல் வருஷம் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணேன். ஆட்டத்துக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, பாத்திருப்பியே. ஆனா உடற்கூறுல நல்ல மார்க்.”

“இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணினா—”

“லின், காலைல ஆறு மணிக்குப் பயிற்சி, எட்டுக்கு வகுப்பு, சாயந்திரம் உனக்குப் புத்தகம் ஒளிச்சுவைக்கணும். எங்க நேரம்?”

பிப்ரவரி 1, சனி

ஜெயித்தோம்! 55–52. தொடர்ந்து இரண்டாவது வெற்றி. அம்பு ஆறு முறை.

பிப்ரவரி 8, சனி

மூன்றாவது வெற்றி. இப்போது நிலைமை இப்படி: 15-ஆம் தேதி கடைசி ஆட்டம், எங்கள் அரங்கில். ஜெயித்தால் ஆறாவது இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போவோம். ஒன்பது வருடத்தில் முதல் முறை. தோற்றால் சீசன் முடிந்தது.

மேரனுக்குச் சீசன் மட்டுமல்ல. அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “தோத்தா அவ்ளோதான், லின். எட்டு வயசுலேர்ந்து ஆடறேன். அன்னிக்கு இதைக் கழட்டினா கழட்டினதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எங்கள் அணியில் பன்னிரண்டு பேர். யாரும் இதற்குமேல் எங்கும் ஆடப்போவதில்லை. ஒருத்தி ஆசிரியை ஆவாள், ஒருத்தி அப்பாவின் பன்றிப் பண்ணைக்குத் திரும்புவாள். அவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் பந்துக்காகத் தரையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள். வெஸ்ஸிடம் நான் சொல்ல நினைத்தது ஒருவேளை இதுதானோ?

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

பிப்ரவரி 15, சனி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

வெஸ்கூட வந்திருந்தான். சிப்ஸ் பையைக் கிழித்து உள்ளே சுடச்சுடக் கறியும் சீஸும் போட்டுத் தருவார்களே, அதற்காகத்தான் வந்தேன் என்றான்.

கடைசிக் கால்பகுதி, நான்கு நிமிடம் மிச்சம், 47–47. மேரனும் எதிரணியின் 12-ஆம் எண் பெண்ணும் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். நடுவர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அம்பு எங்கள் பக்கம். பந்து எங்களுக்கு.

மேரன் எழுந்திருக்கவில்லை. “என் லென்ஸ். ஒரு பக்க லென்ஸ் விழுந்துடுச்சு,” என்றாள்.

அப்பா கடிகாரத்தை நிறுத்திவைத்திருந்தார். எங்கள் பெண்கள் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். பிறகு அவர்கள் பெண்களும். பத்துப் பேரும் தரையைத் தடவிக்கொண்டிருக்க, நடுவர் ஒருவர் ஷூவைத் தூக்கித் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் புகுந்து தேடினேன். அப்போதுதான் அந்த 12-ஆம் எண், “அசையாத, அசையாத. உன் தோள்லயே ஒட்டிட்டிருக்கு,” என்று விரல் நுனியில் எடுத்துக் கொடுத்தாள். செவிலியர் படிப்பு படிக்கிறவள் அதை நாக்கில் நனைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். எங்கள் கோச் முகத்தை மூடிக்கொண்டார். அரங்கமே சிரித்தது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். நாற்காலியில் உட்காருவதற்குள் பந்து உள்ளே வந்து ஆட்டம் தொடங்கிவிட்டது.

நான் அம்பைத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு கடைசி நொடிகள் வரை அம்பு தேவைப்படவில்லை. கடைசியில் தேவைப்பட்டது. 52–51, அவர்கள் ஒரு புள்ளி மேலே. ஏழு நொடி மிச்சம். நாங்கள் பந்து போட வேண்டிய கூடையின் பக்கத்தில், கோட்டுக்கு அருகிலேயே, மறுபடி இரண்டு பேர் ஒரே பந்து. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அம்பு எங்கள் பக்கம் காட்டியது. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. எங்கள் கோச் உடனே ஆட்டத்தை நிறுத்தி டைம்-அவுட் கேட்டார்.

அந்தக் கத்தலுக்கு நடுவேதான் எனக்கு உறைத்தது.

யாருக்கும் தெரியாது. அவர்கள் கோச்சுக்குத் தெரியவில்லை, நடுவருக்குத் தெரியவில்லை. பந்து உள்ளே வந்துவிட்டால் பிறகு சொல்லியும் பயனில்லை, விதி அப்படி. எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மேரன் கோச்சின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றால் அவ்வளவுதான் என்றாள். கழற்றினால் கழற்றினதுதான் என்றாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திருட்டா அது? நான் எதையும் எடுக்கவில்லையே. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

காறை எலும்பு, தோள் எலும்பு, புய எலும்பு. எனக்கு அதற்குமேல் தெரியாது.

எதிரணியில் அந்த 12-ஆம் எண் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா. அம்பு தப்பு. லென்ஸ் தேடினப்போ நான் திருப்பலை.”

“நிச்சயமாத் தெரியுமா?”

தெரியாது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அப்பாவின் முகம் ஒரு கணம் கேட்டது. அதை நான் பார்த்தேன். இதை எழுதலாமா தெரியவில்லை. ஆனால் பார்த்தேன்.

“தெரியும்.”

அப்பா ஹாரனை அழுத்தி நடுவரைக் கூப்பிட்டார். சொன்னது நான்தான். என் குரல் கீச்சென்று வந்தது. நடுவர் இரண்டு கோச்களையும் அழைத்துப் பேசினார். அம்பைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். பந்து அவர்களுக்கு.

பின்னாலிருந்து ஒரு ஆள்: “சின்னப் பொண்ணை எதுக்குய்யா அங்க உக்காரவெச்சீங்க?”

மேரன் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமா, வருத்தமா, என்னால் படிக்க முடியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். பந்தை உள்ளே எறிய வந்தவள் 12-ஆம் எண். அவசரத்தில் பந்தை விடுமுன்பே கோட்டைத் தாண்டிக் காலை உள்ளே வைத்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித் தருவது: பந்தை விடும்வரை கோட்டைத் தாண்டாதே. நடுவர் விசில் ஊதினார். பந்து எங்களுக்கு! அதே இடம், அதே ஏழு நொடி. கோச் பலகையில் வரைந்த அதே திட்டம். எல்லாம் நான் வாயே திறக்காததுபோல. நான் அம்பைத் திருப்பினேன். இந்த முறை மறக்கவில்லை.

திட்டம் அப்படியே பலித்தது. மேரன் தனியாக, கூடைக்கு நேர் கீழே. பக்கத்தில் ஒருவரும் இல்லை. மெதுவாகத்தான் போட்டாள். பந்து வளையத்தைச் சுற்றியது. ஒன்றரைச் சுற்று. விளிம்பில் உட்கார்ந்தது, யோசிப்பதுபோல.

வெளியே விழுந்தது.

அப்பாவின் ஹாரன். 52–51.

மேரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 12-ஆம் எண் தன் ஆட்களிடம் ஓடாமல் வந்து கை கொடுத்துத் தூக்கினாள். மேல் வரிசையில் வெஸ் நின்றுகொண்டிருந்தான். சிப்ஸ் பை அப்படியே கையில் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தேவாலயத்தில் மூன்று பேர் என் தோளைத் தட்டினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 20, வியாழன்

மேரன் நூலகத்துக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மேசைக்கு அடியில் எனக்கென்று புத்தகமும் இல்லை. கேட்கலாம்தான். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த வருடம் அம்புக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டு முறை திருத்தி எழுதினேன். இன்னும் கொடுக்கவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டம். பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்று சண்டை. நடுவர்கள் திரையில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னார்கள்.

“இங்க உனக்கு வேலையே இல்ல பாரு,” என்றான் வெஸ். “மெஷினே சொல்லிடும்.”

“ம்.”

“அன்னிக்கு நீ சொன்னப்போ சிப்ஸைத் தின்னவே மறந்துட்டேன். அப்புறம் அந்தப் பந்து விளிம்புல சுத்தினப்போ...” அவன் கையால் திரையைக் காட்டினான். “இதுல எனக்கு அப்படி ஆனதே இல்ல.”

ஜெயித்த மாதிரி நான் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. திரையைப் பார்த்தபடியே வெஸ் கேட்டான்: “உங்க பொண்ணுங்க நவம்பர்ல எப்போ ஆரம்பிக்கிறாங்க?”

தவறு நடக்க இடம் இருக்கிற ஆட்டம் அது. லென்ஸ் விழும், கோட்டைத் தாண்டிவிடுவார்கள், அம்பு மறந்துபோகும். யாராவது ஒருவர் தரையில் தேட வேண்டும், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதனால்தான் என் மாதிரி ஆளுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். மேரன் பயிற்சிக்காகப் பெரிய ஊர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாளாம், சீசன் முடிந்த மறுநாளே. மே மாதம் பட்டம் வாங்கத்தான் வருவாளாம். அப்படியென்றால் கோபம் இல்லையா? போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?

ஏப்ரல் 5, சனி

அப்பாவோடு அரங்குக்குப் போனேன். வருடக் கடைசியில் மேசைச் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். கோச்சின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போனேன்.

அப்பா கடிகாரத்தின் வயர்களைச் சுருட்டினார். நான் அம்பு விளக்கைத் துடைக்கத் தூக்கினேன். பின்பக்கம், நான் உட்காரும் பக்கம், பொத்தானுக்கு மேலே வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் கணுக்காலில் சுற்றிக்கொள்கிற டேப். அதில் நீல மையில், நூலகச் சீட்டுகளில் நான் நூறு முறை பார்த்த கையெழுத்து:

*லின் — முதல்ல திருப்பு. அப்புறம் என் லென்ஸைத் தேடு. (கடைசிப் பந்தை நான் போட்டிருக்கணும். அது உன் தப்பு இல்ல.) — மேரன்.*

கீழே ஒரு தேதி. பிப்ரவரி 15. அன்று எல்லோரும் போன பிறகு எழுதியிருக்கிறாள். அப்படியானால் ஏழு வாரமாக இது இங்கேதான் இருந்திருக்கிறது.

“என்னம்மா, ஒட்டிக்கிச்சா? பிச்சு எடுக்கட்டுமா?” என்றார் அப்பா.

“வேண்டாம். இருக்கட்டும்.”

டேப்பின் ஓரம் ஒன்று கிளம்பியிருந்தது. கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். விளக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, மேலே என் முழுப் பெயரைப் போட்டு ‘அம்பு — லின்னேயா’ என்று எழுதினேன்.

திரும்பி வரும்போது காரில் படித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது பக்கத்துக்கு அடையாளம் வைக்க வேறு எதுவும் இல்லை. கதவுக்கு அடியில் தள்ளாத அந்தக் கடிதத்தை இரண்டாக மடித்து வைத்தேன். 112-ஆம் பக்கம்.