பனி எங்களது

அன்பு மகன் சியாவுஷுக்கு அம்மா ஸுலைஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் கையும் காலும் முதுகும் நோவில்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இருக்கிறோம், அடுப்பு எரிகிறது, மாவு இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஷாத்மான் உன் கையில் கொடுத்திருக்க மாட்டான். உன் மேல்கோட்டுப் பையில் உனக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, நீ எடுத்துப் பார்ப்பதற்குள் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். வைக்கும்போதே அவன் கையைப் பிடித்திருந்தாயானால் நான் தோற்றேன், படிக்காமல் கிழித்துப் போடு, உனக்கு என்ன விருந்து வேண்டும் என்று சொல். பிடிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் நீ தோற்றாய். சின்ன வயதில் எத்தனை வீட்டு வாசலில் 'பனி எங்களது, விருந்து உங்களது' என்று எழுதிய பனிக் கடிதத்தைச் செருகிவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்திருக்கிறாய், உனக்கு விதி சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் பனிக்கு எழுதிய கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறதோ தோற்றவர் அதைக் கொடுத்தாக வேண்டும். நீ வேலை செய்கிற யெகாதெரின்புர்கில் பனி எப்போதோ விழுந்திருக்கும், ஆனால் நமக்குக் கணக்கு நம் கூரைமேல் விழும் பனிதான். நான் கேட்கப் போவது சவ்சனைப் பற்றி. மனைவியின் பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, முழுவதும் படி.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்பாய். ஃபோனில் நீ வேலையில் இருக்கிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், உனக்கு எப்போதும் வேலைதான். அப்புறம் குளிர்காலத்தில் நம் வீட்டில் சூடாக இருப்பது ஒரே அறை, நான் உன்னிடம் பேசுவதை அவள் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். உன் குரல் கேட்டால் அவள் எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுகிறாள், ஏற்கெனவே வைத்த தண்ணீராக இருந்தாலும் மறுபடியும் போகிறாள்.

இந்த வருஷம் நம் மஞ்சள் ஆப்ரிகாட் பழம் தாமதமாகப் பழுத்தது, மழை வேறு இடையிடையே வந்தது. கூரை முழுக்கப் பழம் காய்ந்துகொண்டிருந்ததால் மண் பூச முடியவில்லை. பழத்தை எடு, மண் பூச வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று நான்தான் இழுத்தேன். ஒருவழியாகப் பழத்தை வாரி எடுத்த பிறகு அவள் முற்றத்தில் குழி வெட்டி, மண்ணும் கோதுமை வைக்கோலும் கொட்டித் தண்ணீர் விட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மிதித்தாள். அந்தச் சேறு புளித்து வாடை வருகிற வரைக்கும் ஊற வேண்டும், உன் அப்பா இருந்தால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் ஆகவில்லை என்பார். அவளும் அப்படித்தான் குனிந்து மோந்து பார்த்தாள், பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாளி வாளியாக ஏணியில் ஏற்றிப் பூசி முடித்தாள். வழக்கமாக நாம் பூசுகிற நேரத்தைவிட வெகுவாகப் பிந்திவிட்டது.

நீ கிளம்பிப் போன பிறகு இது நாலாவது குளிர்காலம். இந்த மண் வீடு வருஷம் முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் என்பது உனக்குத் தெரியாததில்லை. பனி உருகும்போது சுவரின் அடிப்பகுதி கரைகிறது, அதற்குக் கல் வைத்து அடைக்க வேண்டும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் உள்ளே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோடையில் விரிசலுக்கு மண் செருக வேண்டும், மரத் தூம்பில் குருவிக் கூட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இலை உதிர்ந்ததும் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் அடிக்க வேண்டும், புகைக்குழாயைக் கழற்றித் தட்ட வேண்டும். பனி விழுந்தால் நின்றதும் ஏறித் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் அவள் செய்தாள். அடுத்த வருஷம் தகரக் கூரை போட்டுவிடலாம் அம்மா, பனி தானே சரிந்து விழும் என்று நீ ஒவ்வொரு வருஷமும் சொன்னாய். நீ அங்கே குளிர்காலம் முழுக்க அடுத்தவர் கட்டடத்துக் கூரையில் பனி தள்ளுகிறாய் என்று அங்கிருந்து வந்த ஷாத்மான் சொன்னான். ஒன்பது மாடி உயரமாம். கயிறு கட்டாமல் ஏறாதே. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறு.

முதல் பனி இந்த முறை முன்னாலேயே வந்துவிட்டது. பூசிய மண் மேலாகத்தான் காய்ந்திருந்தது, அடியில் ஈரம். ராத்திரி முழுக்கக் கொட்டி அந்த ஈரம் உறைந்து, கூரை சவர்க்காரம் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததும் அவள் பனி தள்ளும் மரத் துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன், உத்தரம் முனகுகிறது அம்மா, ராத்திரியே கேட்டது என்றாள். உண்மைதான், உங்கள் அறைக்கு மேலே போகிற உத்தரம், உன் கல்யாணத்துக்கு என்று அப்பா ஏற்றியது, நானும் கேட்டேன். நான் கீழே தந்தூர் அடுப்பு பக்கம் நின்றிருந்தேன். முதலில் பனி விழுந்தது, அடுத்து துடுப்பு விழுந்தது, அதற்குப் பின்னால் அவள் விழுந்தாள். ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்த பனிக்குவியல் மேல் விழுந்ததால் உயிர் இருக்கிறது. இடது கை மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவள் சத்தமே போடவில்லை மகனே, அதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஷாத்மான் வண்டி பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கட்டுப் போடுகிற அம்மாள் எப்படி விழுந்தாய் என்று கேட்டு, கூரையிலிருந்து என்றதும், பனி தள்ள உங்கள் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று அதட்டினாள். சவ்சன் வலியில் முகம் வெளுத்துக் கிடந்தவள் தலையைத் திருப்பி, "இருக்காரு. எங்க கூரைக்குத்தான் இல்ல" என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நீ என் வயிற்றில் பிறந்தவன், உன்னைப் பற்றி அடுத்தவர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னதில் பிழை ஏதும் எனக்குக் கிடைக்கவும் இல்லை.

விஷயம் தெரிந்து அவள் அண்ணன் காபில் வந்தான். வந்தவனுக்குத் தேநீர் வைத்துவிட்டு நான் ரொட்டி எடுக்க வெளியே போனேன், அவர்கள் பேசியது ஜன்னல் தாள் வழியாக எல்லாம் கேட்டது. போதும், மூட்டையைக் கட்டு, உன்னை என்ன இவர்கள் விலைக்கா வாங்கினார்கள் என்று அவன் கத்தினான். இவ்வளவு நாளும் அவள் உனக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு பெண் புருஷனுக்காகக் காத்திருந்தால் அதில் மாமியாருக்கு ஒரு பெருமை இருக்கத்தான் செய்யும். அவள் சொன்னாள்: "அவருக்காகவா இருக்கேன்? நான் வந்துட்டா அடுத்த பனிக்கு இந்த அம்மா ஏறுவாங்க. அந்தக் கூரை அவங்கள முழுங்கிடும். அதான் இருக்கேன்." ரொட்டிக் கூடையோடு நான் பனியில் அப்படியே நின்றேன். கால் மரத்துப் போன பிறகுதான் உள்ளே வந்தேன். அவளுக்கு நான் கேட்டது தெரியாது, காபில் மட்டும் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

மறுநாளே செவலை மாட்டை விற்றுவிட்டேன். கோபப்படாதே, அது கிழமாகிவிட்டது என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் அது கிழம் இல்லை. அந்தக் காசுக்குத் தகரமும் சட்டத்துக்கு மரமும் வந்தன. முதல் பனி உருகி வெயில் கொஞ்சம் முகம் காட்டிய நாளாகப் பார்த்து ஹஷர் கூப்பிட்டேன், கூலியில்லாமல் ஊர் ஆண்கள் எல்லோரும் சுத்தியலோடு வந்தார்கள். நான் கொப்பரை நிறையப் புலாவ் வைத்தேன், இறைச்சி குறைவு, கேரட் அதிகம், யாரும் குறை சொல்லவில்லை. ஒருவரும் உன்னைப் பற்றிக் கேட்கவும் இல்லை. முன்பெல்லாம் சியாவுஷ் எப்போது வருகிறான் என்று கேட்பார்கள். அன்றைக்குக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார்கள், அதை நினைத்து நான் பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். இனி அந்தக் கூரையில் பழம் காயப்போட முடியாது, கோடையில் மேலே படுக்கவும் முடியாது. அப்பா தகரமே வேண்டாம், மண்ணில்தான் வீட்டுக்கு மூச்சு இருக்கிறது என்பார். அவருக்கு நான் போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஷாத்மான் மறுபடியும் உங்கள் ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறான் என்று தெரிந்ததும் உனக்குக் கொஞ்சம் பழம் கட்டினேன். உனக்கு என்று சொல்லித்தான் கட்டினேன். அங்கே உனக்கு இன்னொரு வீடு இருக்கிறது, ஒரு பெண் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று இலையுதிர் காலத்தில் ஷாத்மான் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான். சவ்சனிடம் நான் மூச்சு விடவில்லை. பையில் பழத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் ஒற்றைக் கையால் நூல் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டைய எடுத்துட்டுக் குடுத்தனுப்புங்கம்மா. சின்னப் பிள்ள, தொண்டையில சிக்கிக்கும்" என்றாள். அவ்வளவுதான். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகக் கொட்டையை எடுத்தோம். உடைந்த கையால் அவள் பழத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் பிளந்தேன். அந்தப் பைதான் இப்போது ஷாத்மானிடம் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும்போது வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல். அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். சவ்சனை விட்டுவிடு. நீ ஊருக்கு வா என்று நான் கேட்கவில்லை, அது கடிதம் எழுதிக் கேட்டு வாங்குகிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன தடவை பேசும்போது, அவ உங்களுக்குத் துணையா இருக்கட்டுமே அம்மா என்று சொன்னாய். துணை எனக்கு வேண்டும்தான். அவள் போய்விட்டால் இந்த அறையில் நான் யாரோடு பேசுவேன்? ஆனால் என் தனிமைக்கு அவளை முளை அடித்துக் கட்டிப்போட என்னால் ஆகாது, உனக்கும் அந்த உரிமை இல்லை. அவளுக்கு வயது இருக்கிறது, ஒரு வீடும் பிள்ளையும் அவளுக்கும் ஆசை இருக்கும். கீழ்த்தெருவில் ஒருத்திக்குச் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோனில் தலாக் என்று செய்தி வந்தது, அவள் கூடையைப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அப்படிச் செய்யாதே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இமாம் வீட்டுக்கு ஃபோனில் கூப்பிடு. அவளும் காபிலும் நானும் அங்கே இருப்போம். மரியாதையாக, அவள் பெயரைச் சொல்லி, இத்தனை நாள் என் வீட்டைக் காத்தாய், நன்றி என்று முதலில் சொல், பிறகு சொல்ல வேண்டியதைச் சொல். விவாகரத்துப் பதிவுக்கு வேண்டிய காகிதத்தையும் கையெழுத்துப் போட்டு ஷாத்மானிடம் கொடு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். உங்கள் அறையில் அவள் கொண்டுவந்த பெட்டி, மெத்தை, பாத்திரம் எல்லாவற்றையும் நானே வண்டி வைத்து அனுப்புவேன். யாராவது கேட்டால் என் மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

கூரையைப் பற்றி நீ கவலைப்படாதே, அதுதான் இனி யாருக்கும் வேலை வைக்காது. நேற்று இரண்டாவது பனி விழுந்தது, புதுத் தகரக் கூரைக்கு அதுதான் முதல் பனி. விடிவதற்கு வெகு முன்னால் மேலே ஏதோ உரசுகிற சத்தம், பிறகு முற்றத்தில் பொத்தென்று பெரிய சத்தம், இரண்டு பேரும் பதறி எழுந்து உட்கார்ந்தோம். பனி தானே சரிந்து விழுந்திருக்கிறது. சவ்சன் பழக்கத்தில் துடுப்பை எடுக்க எழுந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கதவடியில் நின்றாள். வந்து படுத்துக்கொள் மகளே, இன்றைக்கு உனக்கு மேலே வேலை இல்லை என்றேன். படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, விடியும்வரை அழுதாள்.

அல்லாஹ் உனக்கும், உன் வீட்டில் இருக்கிறவளுக்கும், பெயர் தெரியாத என் பேத்திக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். உன் காலடியில் எந்தக் கூரையும் வழுக்காமல் இருக்கட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், கயிறு கட்டாமல் ஏறாதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே, நாங்கள் இமாம் வீட்டில் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஷாத்மான் கையை நீ பிடிக்கவில்லை, நீ தோற்றுவிட்டாய் மகனே. பனி எங்களது, விருந்து உன்னுடையது.

உன் அம்மா,
ஸுலைஹா