வாகைப் பலகைக்குள் இருந்த ஆணி

அன்பு மச்சான்,

உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்து நினைத்தே பங்குனி வந்துவிட்டது. இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர் என் அக்கா செல்வியைக் கட்டியவர். கமுதியிலிருந்து அபிராமம் போகும் ரோட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து, பலகை இழைத்துக் கொடுக்கும் ஓர் இழைப்பு மில் நடத்தினோம். பலகையை மிஷினுக்குள் தள்ளுவது அவர், அந்தப் பக்கம் நின்று வாங்குவது நான். போன ஐப்பசியில் நிலைக்கால் செய்ய ஒரு வாகைப் பலகையைத் தள்ளும்போது, உள்ளே இருந்த ஆணியில் பிளேடு மோதி, பலகை பின்னால் எகிறி அவர் வயிற்றில் அடித்தது. மதுரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

மச்சான், அந்த மிஷினை நீங்கள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டீர்கள். காலையில் மெயினை அணைத்து வைத்துவிட்டுத்தான் அதில் கை வைப்பீர்கள். ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிளேடு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கி, கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பீர்கள். பேரிங்குக்கு கிரீஸ் வைத்த கையோடு டீ டம்ளரைப் பிடித்து அக்காவிடம் வசவு வாங்குவீர்கள். பழைய வீட்டு மரம் என்றால் காந்தத்தை இழுத்துப் பார்க்காமல் உள்ளே விட மாட்டீர்கள். ஆனால் அது பழைய வீட்டு மரம் இல்லையே. போன வருஷம்வரை கண்மாய்க்கரையில் பச்சையாக நின்ற வாகை. அதற்குள் ஆணி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இருந்தது. பேய் பிடித்ததாகச் சொல்லிக் கூட்டி வருகிறவர்களின் உச்சிமுடியை மரத்தோடு வைத்து, பேயோட்டுகிற கோடாங்கி அடிக்கிற ஆணி. நாளாக ஆக மரம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அறுவை ரம்பத்துக்கும் தப்பியிருக்கிறது. பலகையிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்தவன் நான்தான். அதைச் சுற்றி முடி இருந்தது, மச்சான்.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? கட்டி வைத்திருந்த பேய் வெளியே வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். இரும்பில் பிளேடு மோதினால் பலகை எகிறத்தான் செய்யும், இதில் பேய்க்கு என்ன வேலை என்று டீக்கடையில் சண்டைக்கே போய்விட்டேன். ஒருவனும் காதில் வாங்கவில்லை. மில்லுக்கு மரம் வருவதும் நின்றுபோனது. அது போகட்டும், அதைச் சமாளிப்பேன்.

அக்காவைத்தான் பார்க்க முடியவில்லை. மதியம் நீங்கள் சாப்பிட வருகிற நேரம் ஆனால் அவளால் அடக்க முடியாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்து, உங்களைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுவாள். தெரு முழுக்கக் கேட்கும். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூட உட்கார்ந்து அழுதார்கள். போகப்போகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தை பிறந்ததும் உங்கள் அய்யா எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஏலே, இது அழுக மாதிரி தெரியலடா. அந்த மரத்துல இருந்தது இவ மேல ஏறிருச்சுன்னு சொல்றாக. இனி ஒரு தடவ தெருவுல சத்தம் கேட்டுச்சுன்னா கோடாங்கியக் கூட்டியாந்துர வேண்டியதுதான்."

"மாமா, புருஷனப் பறிகுடுத்தவ அழாம என்ன செய்வா?"

"அழுகட்டும். அதுக்குன்னு ஒரு அளவு வேணாமா?"

அவரை என்ன சொல்ல? பெற்ற மகனைத் தூக்கிக் கொடுத்தவர். மருமகளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயப்படுகிறார். ஆனால் பிரம்பாலும் வேப்பிலையாலும் விளாசி, முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய் மரத்தில் வைத்து ஆணி அடிப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். செல்வியை அப்படி நிறுத்த விடுவீர்களா?

அன்றிலிருந்து அக்கா சத்தம் காட்டவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நிற்கும். அவள் கத்தி அழுததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் ஒருநாள் அக்கா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில் இருளாயி வந்தார். மிளகாய்க் காட்டுக்குப் பழம் எடுக்கப் போவாரே, யாரிடமும் அதிகம் பேசாதவர், அவர்தான்.

"அந்த ஆணிய வச்சிருக்கியா தம்பி? ஒருக்கா பாத்துட்டுத் தாரேன்."

எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என் முடிதான்" என்றார். "தலப்புள்ள செத்துப்போச்சு. பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிக்கும். கத்தி அழுவேன். பேயின்னுட்டாக. அந்தா அங்கன, கரையில நின்ன வாகையில வச்சுத்தான் அடிச்சாக. அதுல வேற யாருக்கும் அடிக்கல. அதுக்கப்புறம் நான் அழுகவே இல்ல. பேய் போயிருச்சுன்னு ஊருக்கே சந்தோசம்."

அக்கா அவரையே பார்த்தாள். "அப்ப உங்களுக்குச் சரியாப் போச்சாக்கா?"

"எங்க தாயி. வாயத்தான் மூடுனேன்." அந்த ஆணியை மறுபடி பார்த்து, "என் ஆணி ஒம் புருஷனக் கொண்டுபோயிருச்சே" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்தாள். நான் என்னமோ ஏதோ என்று எழுந்தேன். அவள் அந்த ஆணியோடு சேர்த்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வெடித்தது. அத்தனை காலம் அடக்கியது அல்லவா? எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் அய்யா சொன்னது ஞாபகம் வந்து சுரீரென்றது. ஓடிப்போய் மெயினைப் போட்டு மிஷினை ஓட விட்டேன். மரம் இல்லை, வெறும் மிஷின். அந்த இரைச்சலில் இரண்டு பேரும் என்ன சொல்லி அழுதார்கள் என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. அழுது முடித்து, எனக்குக் கொண்டுவந்த சோற்றில் பாதியை அக்கா சாப்பிட்டாள்.

இப்போது மதியமானால் இருவரும் வந்துவிடுகிறார்கள். நானும் மிஷினை வெறுமனே ஓட விடுகிறேன். மில்லுக்கு மறுபடி வேலை வந்துவிட்டதாக ஊரில் பேச்சு. உங்கள் அய்யாகூட, "இப்பத்தேன் மருமக தெளிஞ்சிருக்கா" என்று நிம்மதியாக வெற்றிலை போடுகிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

பேரிங் தேயும், கரண்ட் வீண் என்று வைவீர்கள். தேயட்டும் மச்சான். கிரீஸ் வைக்கிறேன், போல்ட்டை முறுக்குகிறேன், பேரிங் போனால் வேறு வாங்கிப் போடுகிறேன். உங்களை நினைத்து அக்கா கத்தி அழ வேண்டியது இன்னும் எவ்வளவு இருக்கிறதோ தெரியாது. அது தீரும்வரை இந்த மிஷினை நிற்க விட மாட்டேன்.

உங்கள் செல்வியின் தம்பி,
முனியசாமி