நாற்பத்தோராவது புள்ளி

ஜூலை 3, 2024

கல்லூரி திறந்து மூன்றாம் நாள். என் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலை அலுவலகத்தில் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம் அப்பா. பட்டியல் கைக்கு வந்த அன்றே கொண்டுபோய் லேமினேட் பண்ணிவிட்டார். அதன் பின்பக்கம் கல்லூரி சீல் வைக்க வேண்டுமாம். கிளார்க் தன்யா மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மை பிடிக்காது மோளே. சீலை உன் நெத்தியில வைக்கட்டுமா?"

வைத்தாலும் தப்பில்லை. என் நெற்றி ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொச்சங்காடி ஜங்ஷனில் எட்டடி ஃப்ளெக்ஸில் தொங்குகிறது. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், அதாவது 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கினால் கிளப்காரர்கள் அப்படித்தான் வாழ்த்துவார்கள். அப்பா வெலிங்டன் தீவில் ஆபீசுக்குப் போகும்போது அந்த இடத்தில் மட்டும் ஸ்கூட்டர் மெதுவாகிறது.

இந்த டைரியைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் ரோஹன் அண்ணா, கிடைத்தால் எடுத்துப் படித்துவிடுவான். அவனுக்கு மலையாளம்தான் படிக்க வரும்.

ஜூலை 22

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் நாற்பத்தொரு பேர். என் பக்கத்தில் கற்பகம். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். அவள் அப்பா இங்கே சந்தையில் வெங்காயம் விற்கிறார். ப்ளஸ் டூவில் அறுபத்து மூன்று சதவீதம். கேட்காமலேயே சொன்னாள். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து நின்று "புரியலை சார்" என்கிறாள். எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் ஃபுல் ஏ பிளஸ் எழுந்து நின்று அதைச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

"நீதான் மண்டைய மண்டைய ஆட்டுறியே, எனக்குச் சொல்லிக்குடேன்" என்றாள்.

தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

அக்டோபர் 8

நாலு வருடப் படிப்பின் முதல் செட் நாங்கள். எனவே பழைய வினாத்தாளே கிடையாது. பழைய வினாத்தாள் இல்லாமல் எப்படிப் படிப்பது? விளையாட்டில்லை, நிஜமாகவே தெரியவில்லை. டியூஷன் சென்டரில் பத்து வருட வினாத்தாளைப் பார்த்து, 'இது நிச்சயம் வரும்' என்று நட்சத்திரம் போட்டுக் கொடுப்பார்கள். நட்சத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்வேன். அத்தனையும் வந்தது. அந்த எட்டடி அப்படி வாங்கியதுதான்.

ஜனவரி 9, 2025

முதல் செமஸ்டர் ரிசல்ட். கணிதம்: நூற்றுக்கு இருபத்தாறு. தோல்வி.

வகுப்பில் முதல்: கற்பகம்.

ஜனவரி 10

"ரிசல்ட் வந்துதோ?" என்று கேட்டார் அப்பா.

"இல்லைப்பா. யூனிவர்சிட்டியாக்கும், லேட்டாகும்."

பொய் சொல்லும்போது குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது! அப்பா யூனிவர்சிட்டியை ஒரு பிடி பிடித்தார். பாவம், அது என்ன செய்யும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா அடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆனால் என்னைப் பற்றி யாரிடமாவது பேசும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது போய்விட்டால்? அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

பிப்ரவரி 3

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கும் சேவியர் சார் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆய்வுக் கேள்வி கொடுத்தார். குலுக்கல் முறை. என் சீட்டில் இருந்தது: 'ப்ளஸ் டூ மார்க்கைப் பார்த்துக் கல்லூரி மார்க்கைச் சொல்ல முடியுமா? உங்கள் வகுப்பைக் கொண்டே விளக்குக.'

கடவுளுக்கும் கிண்டல் உண்டு.

பிப்ரவரி 6

ப்ளஸ் டூ மார்க் கேட்டால் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்கள். செமஸ்டர் மார்க் கேட்டால் காதில் சொல்கிறார்கள். ஹரிஷங்கர் தாளில் எழுதி எட்டாக மடித்துக் கொடுத்தான்.

பிப்ரவரி 13

படம் வரைந்துவிட்டேன். ஆளுக்கு ஒரு புள்ளி. ப்ளஸ் டூவில் அதிகம் வாங்கியவர்கள் வலப்பக்கம், செமஸ்டரில் அதிகம் வாங்கியவர்கள் மேலே. வலப்பக்கம் போகப் போகப் புள்ளிகள் மொத்தத்தில் மேலேதான் ஏறுகின்றன. ஆக, ப்ளஸ் டூ மார்க் சும்மா இல்லை. ஏதோ சொல்லத்தான் செய்கிறது. கற்பகம் மட்டும் இடப்பக்க மூலையில் எல்லோருக்கும் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

சேவியர் சார் படத்தைப் பார்த்தார். பிறகு பேனா நுனியால் எண்ண ஆரம்பித்தார். யாராவது எண்ணுவார்களா?

"கிளாஸ்ல நாற்பத்தொண்ணு. இதுல நாற்பதுதான் இருக்கு. ஒருத்தரைக் காணோம், போலீஸ்ல சொல்லணுமா?"

"அது மத்ததோட சேரலை சார். கோடு கெட்டுப்போகுது."

"கோட்டுக்காக ஆளையே எடுத்துட்டியா?" என்று சிரித்தார். தாளை என் கையில் கொடுத்துவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 17

விட்டுப்போன புள்ளியை வைத்துவிட்டேன். வலப்பக்கம், அடியோடு அடியாக. இரண்டு மார்க்குக்கும் உள்ள ஒட்டுறவைச் சொல்லும் எண் 0.61 இருந்தது, 0.52 ஆயிற்று. நான் ஒருத்தி செய்த வேலை.

வகுப்பில் படத்தைக் காட்டியதும் கற்பகம் எல்லோர் முன்னாலும் கேட்டாள், "கீழ கெடக்கே, அது யாருடி?"

"நான்தான்."

பின்வரிசையிலிருந்து ஹரிஷங்கர் கை தூக்கினான். "அதுக்குக் கொஞ்சம் மேலே நான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகை வராமல் இருக்க.

"நாளையிலருந்து புரியலைன்னா எந்திரி" என்றாள் கற்பகம். "நான் ஒருத்தியே நின்னு நின்னு கால் வலிக்குது."

அதே சூட்டில் வீட்டுக்கு வந்து படத்தை அப்பா முன்னால் வைத்தேன்.

"இதுல நீ எது?"

விரலை வைத்துக் காட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்து வெளிச்சம் போய்விட்டது.

"ரிசல்ட் எப்போ வந்தது?"

"ஜனவரி ஒன்பதாம் தேதி."

"தோத்தது சாரமில்லை, போனாப் போறது, விச்சு. ஒரு மாசமா நான் யூனிவர்சிட்டியைத் திட்டிண்டிருந்தேனே, அதுக்கு என்ன பண்ண?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 19

அப்பா இன்னும் பேசவில்லை. தோற்றதற்கா, பொய் சொன்னதற்கா? கேட்கத் தைரியமில்லை.

பிப்ரவரி 22

காலையில் சாயா டம்ளரோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "என்ன படிச்சயோ அதை எனக்குச் சொல்லு. மனசிலாகறதா, புரியறதான்னு பார்க்கறேன்."

சொன்னேன். "அது ஏன்?" என்றார். சொன்னேன். "அதுதான் ஏன்?" என்றார். மூன்றாவது 'ஏனு'க்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், என்னை மடக்கிவிட்டாராம்.

ஏப்ரல் 11

சப்ளி எழுதினேன். தோற்ற பேப்பரைத் திரும்ப எழுதும் பரீட்சைக்கு இங்கே அதுதான் செல்லப்பெயர். மனப்பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. வெளியே வந்தபோது நல்ல பசி.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் சமூக மடத்தில் இந்த வருட ஃபுல் ஏ பிளஸ் பிள்ளைகளுக்கு அனுமோதனம், அதாவது பாராட்டு விழா. ஆறு பேர், ஆறு பொன்னாடை, பாலடைப் பாயசம். சப்ளி ரிசல்ட் போன வாரம்தான் வந்தது, பாஸ். வீட்டைத் தாண்டி இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

செயலாளர் மைக்கில், "போன வருஷம் ஃபுல் ஏ பிளஸ் வாங்கின விஷ்ணுப்ரியாவோட அப்பா வெங்கிடேஸ்வரன், பொண்ணை எப்படிப் படிக்க வச்சார்னு ரெண்டு வார்த்தை சொல்லுவார்" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மைக்கைப் பிடித்தார்.

"என் பொண்ணு காலேஜ்ல முதல் செமஸ்டர் கணக்குல தோத்துப்போனா."

செயலாளர் பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

"ப்ளஸ் டூவுக்கு அவ படிச்சதை நான் பார்த்ததே இல்லை. டியூஷனுக்குப் போனா, மார்க் வந்தது, நான் ஊரெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை எதிர்ல உக்காந்து பார்த்தேன். திரும்ப எழுதி நாப்பத்தாறு வாங்கினா. பொன்னாடை மிச்சம் இருந்தா அவளுக்கும் ஒண்ணு போடுங்கோ."

மிச்சம் இல்லை. செயலாளர் தன் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார்.

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. "சரியாச் சொன்னேனா?" என்று என் காதில் கேட்டார். "நாப்பத்தாறுதானே?"

நாற்பத்தேழு.

"ஆமாம்ப்பா" என்றேன்.