முந்திப் போட்ட பதினொரு நாள்

வாண்டோ
ஜனவரி 20, 2026

அன்பு மகள் நாரேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மாவும் நலம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் நலம் இல்லை. உங்கள் அணைக்கட்டில் தண்ணீரே உறைந்து கிடக்கிறது என்று டிவியில் காட்டினார்கள், மதகு பார்க்க ஏறும்போது காதை மூடிக்கொண்டு ஏறு, பதினைந்து வருஷ அனுபவம் இருக்கிறது என்று கைப்பிடியை விட்டுவிடாதே. இங்கே கடல்பாசி அறுப்பு மும்முரம், விடிந்தால் கடல், வந்தால் கழுவல், இந்த வருஷம் பாசி கறுப்பாக நல்ல பளபளப்போடு வந்திருக்கிறது. உனக்கு ஒரு கட்டு எடுத்து வைத்தேன், ஆனால் இந்த உறையில் அதை வைக்க முடியாது. இதில் வேறு காகிதங்கள் இருக்கின்றன. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அவற்றைப் பார், முதலில் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்மேல் கோபப்பட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, உன் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நவம்பரில் நீ போன் செய்ததற்குப் பிறகு ஒழுங்காகப் பேசவே இல்லை. நானும் மூன்று தடவை கூப்பிட்டேன். நீ எடுத்து, ம், சொல்லுப்பா என்றாய், நான் பாசி விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் வைக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது தடவையாக நெதர்லாந்து உதவித்தொகைக்கு எழுதிப் போட இருந்தாய். முதல் தடவை ஆங்கிலப் பரீட்சையில் மதிப்பெண் போதவில்லை, இரண்டாவது தடவை உன் அலுவலகம் விடுப்புக் கடிதம் தரவில்லை, இந்தத் தடவை எல்லாம் கையில் வந்துவிட்டது. அந்த ஊர்ப் பேராசிரியர் இடம் தருகிறேன் என்று எழுதியிருந்தார், உன்னைவிட ஆறு வயது சின்னவனான உன் அதிகாரியே பரிந்துரை எழுதிக் கொடுத்திருந்தான். அப்புறம்தான் விதியை நன்றாகப் படித்தாயாம், மார்ச் முதல் தேதியன்று நாற்பது முடிந்திருக்கக் கூடாதாம். உனக்குப் பிப்ரவரி இருபத்தாறில் முடிகிறது. மூணே மூணு நாள்ல போச்சுப்பா, இனிமே எனக்குக் கிடையாது, என்று சொல்லிச் சிரித்தாய். அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா. அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. நாப்பது வயசுல பைய மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறவள எவன் சேத்துப்பான், நல்லதுதான், பேசாம வேலையப் பாரு, என்றேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு பத்து நாள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்காராமல் போய்விடுவாள். பதினோராம் நாள், நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா, என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை, கடலுக்குப் போய்விட்டேன்.

நாரே, நீ பிப்ரவரி இருபத்தாறாம் தேதி பிறக்கவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி பிறந்தாய். ஞாயிற்றுக்கிழமை, காற்று அப்படியொரு காற்று, அம்மாவுக்கு வலி எடுத்து, பெரிய தீவிலிருந்து மருத்துவச்சியைப் பக்கத்து வீட்டுத் தாக் அண்ணன் தன் படகில் கூட்டிவந்தார், நடுக்கடலில் இயந்திரம் நின்று போய் அவர் பட்ட பாடு தனிக் கதை. நீ பிறந்து ஒரு வாரம் கழித்துப் பதிவு செய்யக் கிளம்பியபோது ஊர்த் தலைவர் வழியில் பிடித்துக்கொண்டார். மார்ச்னு போட்டா பொண்ணு ஒரு வருஷம் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போவா, பிப்ரவரின்னு போட்டுட்டா பெரிய பசங்களோட முந்திப் போயிடுவாளே, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க, என்றார். எல்லாரும் செய்ததுதான், நம் தீவிலேயே நாலைந்து பிள்ளைகள் அப்படி முந்தியவர்கள். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கிடையாது, பக்கத்து வீட்டார் இரண்டு பேர் சாட்சியாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினால் போதும். ஊர்த் தலைவர் ஒரு முத்திரை, தாக் அண்ணன் ஒரு முத்திரை. தாக் அண்ணன் அன்றைக்கே முகத்தைச் சுளித்தார், என்னடா இது, குழந்த பொறந்த நாளக்கூட அது இஷ்டத்துக்கு விடமாட்டியா, என்றார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முத்திரையைக் குத்த வைத்தேன். என் மகளுக்கு ஒரு வருஷம் சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன் என்று மார்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பாவி.

உன் அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்பாயே, போன வாரம்தான் பொறந்த நாளுக்குப் பாசிச் சூப் குடிச்சோம், மறுபடியும் ஏன் பாசிச் சூப், என்று. பாசி மிச்சம் இருந்துச்சு, குடி, என்பாளே. மிச்சமும் இல்லை ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி உனக்காகத்தான் வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே உன் கிண்ணத்தில் ஊற்றுவாள், நான் குனிந்து குடித்துவிட்டு எழுந்து போவேன்.

வகுப்பிலேயே சின்னவளாக நீ பட்டதை நான் பார்க்காமல் இல்லை. தண்ணீர்க் குழாய் எட்டாமல் சட்டையை நனைத்துக்கொண்டு வருவாய், ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்து அழுவாய், நான் முந்திக்கோ முந்திக்கோ என்று விரட்டுவேன். அதைக்கூட விடு. பள்ளி முடிந்து பல்கலைக்கழகப் பரீட்சையில் நீ நினைத்த இடம் கிடைக்காதபோது, இன்னொரு வருஷம் படிச்சு எழுதுறேம்பா, ஒரே ஒரு வருஷம், என்று என் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாய். ஒரு வருஷம் வீணாப் போயிடும், கிடைச்ச இடத்துல சேரு, என்றேன். அந்த ஒரு வருஷம் உன்னுடையது நாரே. உனக்கென்று நான் பொய் சொல்லிச் சேர்த்து வைத்த வருஷம்தான் அது, நீயே வந்து கேட்டபோது தரவில்லை. அந்தப் பெரும் புயலில் நம் கடல்தடுப்புக் கரை உடைந்து பாசித் தோட்டம் முழுவதும் போனபோது, நீ விடுப்பு எடுத்து ஓடி வந்து, உடைந்த இடத்தில் நின்று, இத வேற மாதிரி கட்டியிருக்கணும்பா, வெளிநாட்டுல கட்டுறாங்க, என்று சொன்னாய். அந்தப் படிப்புக்குத்தான் இத்தனை வருஷமும் முட்டி மோதுகிறாய், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நல்லதுதான் என்றேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் படகேறி ஹேநாம் நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே முன்மேசையில் இருந்த பெண் நல்ல பெண், தாத்தா தாத்தா என்று பொறுமையாகச் சொன்னாள். பிறந்த தேதியைத் திருத்த வழி இருக்கிறது, ஆனால் திருத்தம் கேட்க வேண்டியது மகள், அப்பா இல்லை, அத்தோடு சாட்சி வேண்டும், முத்திரை குத்தியவர் உயிரோடு இருந்தால் அவரே எழுதித் தர வேண்டும், அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது என்றாள். ஊர்த் தலைவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது தாக் அண்ணன். கேட்டதும் எனக்குத் திரும்பிப் போகும் படகைப் பிடிக்கவே கால் வரவில்லை. பாசித் தோட்டத்து எல்லை மிதவைக் கயிற்றை நகர்த்திவிட்டார் என்று நான் ஊர் நடுவில் அவரைத் திருடன் என்று சொல்லிப் பதினொரு வருஷம் ஆகிறது, நகர்த்தியது நீரோட்டம்தான் என்று அடுத்த மாதமே தெரிந்தும் நான் போய்ச் சொல்லவில்லை, அவர் அம்மா இறந்தபோது சாவு வீட்டுக்கும் போகவில்லை.

இருந்தாலும் போனேன். கொட்டகையில் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன நாரே அப்பா, பதினோரு வருஷத்துக்கப்புறம் பக்கத்து வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா, என்றார். விஷயத்தைச் சொன்னேன். நல்லாருக்குடா கதை, அன்னைக்குப் பொய் சொல்லச் சொன்ன, இன்னைக்கு அது பொய்னு எழுதிக் குடுக்கச் சொல்ற, திருடன் கையெழுத்து எதுக்குடா உனக்கு, என்று சொல்லித் தண்ணீர்க் குழாயை என் செருப்புப் பக்கம் திருப்பிவிட்டார். மறுநாளும் போனேன், கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் குன்றின்மேல் அவர் அம்மா கல்லறைக்குப் போய், ஒரு பாட்டில் சோஜுச் சாராயம் ஊற்றி, முட்டி போட்டு இரண்டு முறை தலை தரையில் பட வணங்கினேன். உனக்குத்தான் தெரியுமே என் முட்டி, இறங்கினேன், எழ முடியவில்லை. பின்னால் யாரோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள், பார்த்தால் அவர். எங்கம்மா எந்தக் காலத்துலடா சோஜு குடிச்சாங்க, மக்கொல்லிக் கள்ளுதான் குடிப்பாங்க, அதையும் மறந்துட்டியா, என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன் நாரே, எழுபத்திரண்டு வயதுக் கிழவன், வெட்கமாக இருந்தது. மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். அவர் பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்தார்.

அன்று சாயங்காலம் அவராகவே நம் வீட்டுக்கு வந்தார், கையில் பழைய படகு நோட்டு. எந்த நாள் எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எதற்காக என்று எழுதி அந்தக் காலத்தில் கரைக் காவலில் முத்திரை வாங்குவோமே, அது. ஒன்றைக்கூட அவர் எறியவில்லை. 1986 மார்ச் 9, காலை ஏழு பத்து, சாங்மான் மனைவிக்குப் பிரசவம், மருத்துவச்சியை அழைத்து வர, என்று அவர் கோணல் எழுத்தில் இருக்கிறது, மேலே காவல் முத்திரை. உன் அம்மா அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பொய்யென்று எழுதிக் கொடுத்தால் வழக்கு வருமோ என்று அவள் பயந்தாள், வந்தா ரெண்டு கிழவனுங்களும் ஒரே அறையில கிடக்கோம், சோறு நீ கொண்டா, என்றார் அண்ணன். போகும்போது உனக்கு ஒரு சேதி சொன்னார். அவர் மகன் கியோங்சு மார்ச் ஐந்தாம் தேதி பிறந்தவன், அவர் உள்ளபடி பதிந்ததால் உனக்கு ஒரு வகுப்புப் பின்னால் படித்தான், உன்னை இத்தனை வருஷமும் அக்கா அக்கா என்றுதானே கூப்பிடுகிறான். எம்புள்ள நாலு நாள் மூத்தவன், இனிமே அவதான் அவன அண்ணான்னு கூப்பிடணும், பாக்கி வச்ச மரியாதையெல்லாம் சேத்துத் தரணும்னு சொல்லு, என்றார். கியோங்சுவும் உன் பெயரைச் சொல்லாமல் அந்த உதவித்தொகைக்காரர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டான். ஏப்ரல் பத்தாம் தேதிவரை காகிதங்களை வாங்குவார்களாம், அன்றைக்குப் பதிவேட்டில் என்ன தேதி இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்களாம்.

நீதிபதி ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. ஒப்புக்கொண்டாலும் ஏப்ரல் பத்துக்குள் கையில் வருமா என்றும் தெரியாது. மறுபடி போன் செய்து கேட்டேன், இந்த மாதத்துக்குள் போட்டால் வரலாம், உறுதி சொல்ல முடியாது தாத்தா, என்றாள் அந்த நீதிமன்றப் பெண். நான் மூன்று நாளாக நிலைகொள்ளாமல் அலைகிறேன், நாட்காட்டியைப் பார்க்காதீர்கள் என்று உன் அம்மா அதைத் திருப்பி மாட்டிவிட்டாள். உறையில் திருத்த மனு இருக்கிறது, நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். தாக் அண்ணன் எழுதியதும் நோட்டின் நகலும் பின்னால் இருக்கின்றன. போட வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் போடாதே, இந்த வயதில் இத்தனை அலைச்சல் வேண்டாம் என்று நினைத்தாலும் சரி, என்மேல் உள்ள கோபத்தில் போடாவிட்டாலும் சரி, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் போடுவதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் விரைவுத் தபாலில் அனுப்பிவிடு, பனி பெய்தால் படகு நிற்கும், சனிக்கிழமையே அனுப்பினால் இன்னும் நல்லது, முடிந்தால் வெள்ளிக்கிழமை.

தேதி ஏன் தவறாகப் பதியப்பட்டது என்று அப்பா கைப்பட எழுதித் தர வேண்டும் என்று நீதிமன்றத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தக் கால வழக்கம், ஊர்த் தலைவர் சொன்னார், எல்லாரும் செய்தார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டாள். அப்புறம் புதுத் தாளில், என் மகள் பிறக்க வேண்டிய நாளில்தான் பிறந்தாள், அவசரப்பட்டது நான், என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினேன். அதுவும் உறையில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, மதகில் ஏறும்போது கைப்பிடியை விடாதே. நீ எந்த நாட்டுக்குப் போனாலும், போகாவிட்டாலும், நல்லபடியாக இரு, அப்பா அம்மா ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. பிப்ரவரி இருபத்தாறாம் தேதி இந்த வருஷம் நான் போன் செய்து வாழ்த்துச் சொல்ல மாட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே மகளே, அன்றைக்கு நீ பிறக்கவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் கூப்பிடுகிறேன், எடு.

உன் அப்பா,
வூ சாங்மான்