நிறுத்தி வைத்த சத்தம்

இன்று காலை சுபாங் ஜெயாவில் என் மின்சாரக் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "அங்கிள், மெதுவா போறப்ப ஒரு சவுண்ட் வரணும், நீங்க அத ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க. ரோட்ல நடக்கறவங்களுக்குத் தெரியணும்ல. ஆன் பண்ணட்டா?" என்றாள். பண்ணச் சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். உன்னிடம் மறைத்ததை இனியும் உள்ளே வைத்திருக்க என்னால் முடியாது.

பிரிக்பீல்ட்ஸில் உன் மசாஜ் கடைக்குச் சனிக்கிழமைதோறும் வருவேன். கண் தெரியாத நீ, என் பழைய கார் முனை திரும்பும்போதே, "வந்துட்டான்யா ஓட்டை சைலன்சர்" என்பாய். சாலையைக் காதால் கடப்பவன் நீ. வருவது லோரியா பஸ்ஸா, எவ்வளவு தூரத்தில் என்றெல்லாம் சொல்வாய். எனக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

மின்சாரக் காருக்கு முன்பதிவு செய்த அன்று, உன் கட்டிலில் குப்புறப் படுத்தபடி பெருமையடித்தேன். சத்தமில்லை, புகையில்லை, ஊருக்கே நல்லது என்றேன். என் கழுத்தை அழுத்திக்கொண்டே கேட்டாய்: "கரண்டு எங்கேருந்து வருது? கிள்ளான் பக்கம், எங்கக்கா வீட்டுகிட்ட கரி எரிச்சுதானே? இங்க எரிக்கிறத அங்க எரிக்கப் போற. அவ்ளோதான் லா." எனக்குச் சுருக்கென்றது. "பெட்ரோல விட கம்மிதான்டா செலவாகும்" என்றேன். "அப்ப சரி" என்று சிரித்தாய்.

கார் வந்த மறுநாளே அந்த ஒலியை நிறுத்தினேன். பேய் முனகுவதுபோல் இருக்கிறதென்று என் மனைவி சொன்னாள். அந்தச் சனிக்கிழமை உனக்குக் காட்டத்தான் ஓட்டி வந்தேன். உன் கடைக்குப் பின்சந்தில், பார்க்கிங் தேடிக்கொண்டே மெதுவாகத் திரும்பினேன். பக்கக் கண்ணாடி உன் இடுப்பில் இடித்தது. தடி ஒரு பக்கம் விழ, நீ ஒரு பக்கம் விழுந்தாய். நான் இறங்கவில்லை. பயந்துவிட்டேன். அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு, இப்போதுதான் வருபவன்போல் நடந்து வந்தேன்.

"எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான் லா. சத்தமே இல்ல. நான் நின்னு கேட்டுட்டுத்தான் ரோட்ல எறங்கினேன்" என்றாய். உன் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டேன். "ஒன் புது கரண்டு காடி எப்ப வருது?" என்று கேட்டாய்.

"இன்னும் வரல" என்றேன்.

அதன்பிறகு நீ தனியாகச் சாலையைக் கடக்கவேயில்லை. எதிர்க்கடைத் தேத்தண்ணீருக்குக்கூடத் துணைக்கு ஆள் தேடினாய். "காது மேல இருந்த நம்பிக்கை போயிருச்சுடா" என்றாய். பழைய காரை விற்றுவிட்டதாக மட்டும் சொல்லி, நான் ரயிலில் வந்து போனேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, வேறு ஏதோ பேசினேன். நாலே மாதத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய்.

இறுதிச் சடங்கில் உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு அடிபட்டப்ப நீங்கதான் தம்பி வந்து மருந்து போட்டீங்களாம். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான். நீங்க நல்லா இருக்கணும்."

தலையாட்டினேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்டா. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.