இலைச்சாறு நிறுத்திய வட்டம்

மார்ச் 3

அந்த வட்டம்தான் முதலில் கண்ணில் பட்டது. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு முழுக்க மங்கல். நடுவில் மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிவு. ஆய்வகக் குழாயடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த என்னை ஆராய்ச்சி அக்காதான் கூப்பிட்டுக் காட்டினார்.

“மங்கலா இருக்கே, அதெல்லாம் புண்ணுல சீழ் வைக்கிற கிருமி. நடுவுல இலைச்சாறு தொட்ட காகிதப் பொட்டு. சுத்திப் பாரு, ஒண்ணுகூட முளைக்கல.”

எங்கள் சுவரோரம் யாரும் நடாமல் மண்டிக் கிடக்கும் செடியின் இலை! எனக்குப் பேச்சே வரவில்லை. (எப்போது வந்தது?) எட்டாவதோடு நின்ற எனக்கு இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே.

மார்ச் 4

அம்மாவிடம் சொன்னேன். ஆறாத கால் புண்ணைச் சேலையால் மறைத்தபடி கேட்டாள்: “நம்ம செடியா? அப்புறம் எதுக்குடி புண்ணுக்குன்னு வயித்தைப் புரட்டுற இந்த மாத்திரை?”

மார்ச் 6

மாத்திரையை நிறுத்திவிட்டாள். இலையை அரைத்துக் கட்டியிருக்கிறாள். தடுக்க வாய் வரவில்லை. ஒருவேளை ஆறிவிடுமோ?

மார்ச் 7

இன்று அக்கா, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஸ்பிரிட் தொட்ட பொட்டையும் கூட வைத்த தட்டைத் திறந்தார். அதைச் சுற்றியும் வட்டம்!

“ஈரம் காயறதுக்குள்ள வெச்சுட்டேன். சாறு எடுக்க இலைய ஊறவெச்ச ஸ்பிரிட்டே கிருமியக் கொன்னிருக்கு. ஒரு பாட்டில் ஸ்பிரிட்டுக்கா இவ்வளவு குதிச்சேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் அம்மா கட்டியிருப்பது?

மார்ச் 8

அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஐயோ, யார்கிட்ட சொல்வேன்?

மார்ச் 9

பொட்டுகளை நன்றாகக் காயவிட்டு வைத்த தட்டு இன்று வெளியே வந்தது. ஸ்பிரிட் பொட்டை ஒட்டிக் கிருமி முளைத்திருந்தது. இலைப் பொட்டைச் சுற்றி — நகத்தில் தெரியும் பிறையளவுக்கு — தெளிவு. முன்பைவிட ரொம்பச் சின்னது. ஆனால் நிஜம். இலையே செய்தது! உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பிலேயே வாய் திறந்துவிட்டது. “அக்கா... இதை அரைச்சுப் புண்ணுல கட்டினா ஆறுமா?”

“தட்டு வேற, உடம்பு வேறடி. அதுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கணும். ஏன், யாருக்குப் புண்ணு?”

எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மாத்திரைய நிறுத்திட்டாங்களா? குடுவை கிடக்கட்டும். ஓடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

வீட்டில் அம்மா முறைத்தாள். “வட்டம் வந்துச்சுன்னு நீதானேடி சொன்ன?”

“இன்னிக்கும் வந்துச்சும்மா. அழகா வந்துச்சு. ஆனா அது தட்டுல.”

கட்டை அவிழ்த்தேன். காலைக் கழுவினேன். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.